பிரேக்பாயின்ட்: முறிவுப்புள்ளியா, வேகப்படியா?

நண்பர்களுக்கு வணக்கம்,

பிரேக்பாயின்ட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பேசிவரும் இந்த இழையில் இதுவரை முறிவுப்புள்ளி, நிறுத்தப்புள்ளி, எல்லைப்புள்ளி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு வாரமாக வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டேன், எதுவும் ஒட்டவில்லை. நிரலில் வழு தேடும்போது ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறோமே, அங்கே நிறுத்தப்புள்ளி சரியான சொல்தான். ஆனால் கணினி விளையாட்டில் பிரேக்பாயின்ட் என்பது, பாத்திரத்தின் வேகம் அடுத்த நிலைக்குத் தாவ எட்ட வேண்டிய அளவு. அங்கே எதுவும் நிற்பதும் இல்லை, முறிவதும் இல்லை. என் முன்மொழிவு ‘வேகப்படி’.

இந்தச் சொல் எனக்குத் தோன்றிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டை ஆடுகிறான், 2021இல் மெருகேற்றி வந்த பதிப்பு. அமேசான் பாத்திரத்தை எடுத்து முழுக்க வில்லாளியாக வளர்த்திருக்கிறான். கையில் விண்ட்ஃபோர்ஸ் என்ற வில். அந்த வில்லிலேயே 20 சதவீதத் தாக்குவேகம் இருக்கிறது, அதில் பதித்த ஷாயில் ரூன் (ரூன் என்பது ஆயுதத்தில் பதிக்கும் மந்திரக் கல்) 20, கையுறை 20, ஆக 60. போன வாரம் கேட்ஸ் ஐ பதக்கம் கிடைத்ததும், திறன் கூட்டிக்கொண்டிருந்த பழைய பதக்கத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான், 80 ஆனது. “அண்ணா, 20 ஏத்தியும் அம்பு அதே வேகத்துலதான் போகுது, எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?” என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்கிறான். கண் சரியாகத்தான் இருக்கிறது. 60இலும் ஓர் அம்புக்கு 10 சட்டகம் (திரையில் அசைவைக் காட்டும் தனித்தனிப் படங்கள், ஃபிரேம்), 80இலும் 10 சட்டகம்தான்.

காரணம் இது. இந்த விளையாட்டு வினாடிக்கு 25 சட்டகக் கணக்கில் ஓடுகிறது. 10 சட்டகம் என்றால் வினாடிக்கு இரண்டரை அம்பு, 9 என்றால் ஏறக்குறைய 2.8. ஒன்பதரைச் சட்டகம் என்று ஒன்று கிடையாது. போதாக்குறைக்கு, ஆயுதத்திலும் அணிகளிலும் இருந்து வரும் வேகம் அப்படியே சேராது, மொத்தத்தை 120ஆல் பெருக்கி, அதே மொத்தத்தோடு 120ஐக் கூட்டி வருவதால் வகுக்கிறார்கள், பின்னம் வந்தால் தள்ளிவிடுகிறார்கள். அதனால் 20 போட்டால் 17தான் சேரும், 60 போட்டால் 40, 120 போட்டால் வெறும் 60. தம்பியின் 80 உள்ளே போகும்போது 48 ஆகிவிடுகிறது. விண்ட்ஃபோர்ஸின் அடிப்படையான ஹைட்ரா வில்லோ இயல்பிலேயே கொஞ்சம் மந்தமான வில். அவன் ஒன்பது சட்டகத்துக்கு இறங்க 89 சதவீதம் வேண்டும். நான் அவனிடம் சொன்ன வாக்கியம் இதுதான்: “அடுத்த படிக்கு இன்னும் 9 குறையுதுடா, அதுவரைக்கும் பழைய பதக்கத்தையே போட்டுக்க.” உடனே புரிந்துகொண்டான். அந்த இடத்தில் “அடுத்த முறிவுப்புள்ளிக்கு” என்று நான் சொல்லியிருந்தால் என்ன முறிகிறது என்று கேட்டிருப்பான்.

படியில் ஏறுகிறவன் காலைப் பாதி தூக்கினால் ஏறியதாகாது, இங்கேயும் அதேதான். அரிசி அளக்கும் படியும் அப்படித்தான், நிறைந்தால்தான் ஒரு படி.

வில்லாளிக்கு எந்த ஆயுதம் என்ற பழைய சண்டையும் இந்தச் சொல்லை வைத்துப் பேசினால் தெளிவாகிறது. விண்ட்ஃபோர்ஸின் உச்ச அடி நம் நிலை ஏற ஏற ஏறும், பட்டவனைப் பின்னால் தள்ளும், ஆனால் வேகப்படிக்கு நாம்தான் அணிகளில் தேட வேண்டும். ஓம், ஜா, லெம், எல்ட் என்ற நான்கு ரூன்களைப் பதித்துச் செய்யும் ஃபெயித் வில் ஃபனாட்டிசிசம் ஒளிவட்டத்தோடு வருகிறது. அந்த ஒளிவட்டம் தரும் வேகம் மேலே சொன்ன 120 கணக்கில் தேயாமல் நேராகக் கூடும், அதனால் இரண்டு மூன்று படி தாண்டுவது எளிது, கையுறையையும் பதக்கத்தையும் வேறு தேவைக்கு விடலாம், கூட நிற்கும் கூலிப்படையாளுக்கும், அமேசான் துணைக்கு வரவழைக்கும் வால்கிரி என்ற வீராங்கனைக்கும் அதே வேகம் போகிறது. என்னைக் கேட்டால் ஃபெயித்தான். அந்த ரூன்கள் கிடைக்கும்வரை விண்ட்ஃபோர்ஸ் நன்றாகவே ஓடும்.

அப்புறம் புரிசா. அது வில் அல்ல, கிராஸ்போ, அதாவது குறுக்குவில். அமேசானுக்கு வில் எய்யும் அசைவு 14 சட்டகம், கிராஸ்போ எய்ய 20. புரிசாவில் 80 சதவீத வேகம் இருந்தும் வேகத்தில் வில்லை எட்ட முடியாமல் போவது இதனால்தான். எதிரியைத் துளைத்துப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்பதால்தான் அதற்கு இன்னும் மதிப்பு.

புரிசா என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மதில் என்று பொருள்படும் நம் ‘புரிசை’ நினைவுக்கு வரும். சிலப்பதிகாரம் மதுரையின் மதிலில் இருந்த பொறிகளை வரிசையாகச் சொல்லும்போது ‘வளைவிற் பொறி’ என்று ஒன்றைச் சொல்கிறது, தானே வளைந்து எய்யும் எந்திர வில். கிராஸ்போவுக்குக் குறுக்குவில் என்று பலர் எழுதுகிறோம், அது உருவத்தைச் சொல்கிறது, விசையைச் சொல்லவில்லை. ‘விற்பொறி’ என்று சுருக்கிப் பயன்படுத்தலாமா என்று பாருங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, குறுக்குவில் ஏற்கெனவே பரவிவிட்டது என்றால் இருக்கட்டும்.

வேகப்படிக்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது: ‘படி’ என்றால் படிக்கிற படியும் உண்டு, நகல் என்ற படியும் உண்டு, பயணப்படியும் உண்டு, குழம்பாதா? தனியாக நின்றால் குழம்பலாம். ஆனால் பயணப்படி என்று எழுதும்போது யாரும் மாடிப்படியை நினைப்பதில்லையே, முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு வசதி, இதே அச்சில் மற்றவற்றையும் வார்க்கலாம். அடிபட்டு மீளும் வேகத்துக்கு மீள்படி, மந்திரம் ஏவும் வேகத்துக்கு ஏவுபடி. சூனியக்காரிப் பாத்திரத்துக்கு ஏவுபடிகள் 9, 20, 37, 63, 105, 200. கையில் 104 வைத்திருப்பவளும் 63இன் படியில்தான் நிற்கிறாள். இந்த வாக்கியத்தை முறிவுப்புள்ளி வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

முறிவுப்புள்ளியை முன்மொழிந்த ஐயாவுக்கு ஒரு வார்த்தை. மூலச்சொல்லின் இரண்டு பாதியையும் விடாமல் கொண்டுவர வேண்டும் என்ற உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் மொழியிலேயே அந்தச் சொல் நிரலாக்கத்தில் ஒன்றும் விளையாட்டில் வேறொன்றுமாக இருக்கிறது, நாமும் இரண்டு சொல் வைத்துக்கொள்வதில் தவறில்லை. சொற்பட்டியலில் நிரலாக்கத்துக்கு நிறுத்தப்புள்ளி, விளையாட்டுக்கு வேகப்படி என்று இரண்டு வரியாகவே போட்டுவிடலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால், அந்தச் சொல்லை வைத்து விளையாடுகிற ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதுபோல ஒரு வாக்கியமும் சேர்த்து எழுதுங்கள், தம்பியிடம் சொல்லிப் பார்க்கிறேன்.