ரா ஃபைல் மாற்ற முடியவில்லை, அவசரம்

மல்லிப்பூ: எல்சி-எம்எஸ் (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் முறை) டேட்டா வெளியே கொடுத்து எடுத்தோம். பென்டிரைவில் தந்தார்கள், எல்லாம் ரா, மெஷின் எழுதிய மூல டேட்டா. அலசும் மென்பொருளான எம்இசட்மைனில் போட எம்இசட்எம்எல் என்ற பொது ஃபார்மேட்டாக மாற்றவேண்டும். மாற்றித்தரும் எம்எஸ்கன்வர்ட் மென்பொருள் எரர் காட்டுகிறது. நாளை கைடிடம் காட்டணும், யாராவது சொல்லுங்களேன்.

வைன்பிரியன்: லினக்ஸ்தானே? ரா ஃபைலைப் படிக்க மெஷின் கம்பெனிகள் தரும் டிஎல்எல் (நிரல் கோப்பு) விண்டோஸுக்கானது. எம்எஸ்கன்வர்ட் அடங்கிய புரோட்டியோவிசார்டின் டாக்கர் இமேஜ் (எல்லாம் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) போடுங்கள், விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் உள்ளேயே இருக்கிறது.

கண்ணாடிக்குழாய்: என்ன எரர்? அப்படியே ஒட்டுங்கள். எந்த மெஷின்?

மல்லிப்பூ: விண்டோஸ் 11. மெஷின் கம்பெனி தெரியாது, க்யூ-டாஃப் வகை என்றார்கள்.

வைன்பிரியன்: விண்டோஸானாலும் டாக்கர் நல்லதுதான்.

பழையபீக்: தம்பி, ரா என்று ஒரே ஃபார்மேட் கிடையாது. தெர்மோ கம்பெனி மெஷினில் அது ஒற்றை ஃபைல். வாட்டர்ஸில் அது ஃபோல்டர். இதுகூடப் பார்க்காமல் பிஎச்டி சேர்ந்துவிடுகிறார்கள்.

மல்லிப்பூ: தம்பி இல்லை சார், தங்கை. ஃபோல்டர்தான். உள்ளே ஹெடர் டெக்ஸ்ட், எக்ஸ்டர்ன் ஐஎன்எஃப், ஃபங்க்001 ஐடிஎக்ஸ் இருக்கின்றன.

கண்ணாடிக்குழாய்: ஃபங்க்001 டாட் (DAT) ஃபைல் எங்கே? ஸ்பெக்ட்ரம் எல்லாம் அதில்தான் இருக்கும், ஐடிஎக்ஸ் வெறும் அட்டவணை. பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற டிஸ்க் ஃபார்மேட்டா? அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. சின்னதெல்லாம் வந்து பெரியது மட்டும் விட்டுப்போயிருக்கலாம்.

நீலச்சட்டை: எம்இசட்எக்ஸ்எம்எல் என்ற பழைய ஃபார்மேட்டாக மாற்றிப் பாருங்கள், எனக்கு அதுதான் ஓடுகிறது.

பழையபீக்: டேட்டாவே இல்லாததை எதுவாக மாற்றுவது? அதுவும் 2008-லேயே எம்இசட்எம்எல் வந்த பிறகு!

நீலச்சட்டை: டேட்டாவை அலசும் என் எக்ஸ்சிஎம்எஸ் ஸ்கிரிப்ட் எல்லாம் பழையது. உங்களுக்கென்ன, சொல்லிவிடுவீர்கள்.

பழையபீக்: எக்ஸ்சிஎம்எஸ் எம்இசட்எம்எல்லும் படிக்கும். ஸ்கிரிப்டில் ஃபைல் பெயரை மாற்றினால் போதும், அதற்கே சோம்பல்.

வைன்பிரியன்: டாக்கரில் இந்தச் சண்டையே வராது.

கண்ணாடிக்குழாய்: மல்லிப்பூ, இவர்களை விடுங்கள். முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து பெரிய ஃபைலும் ஏறும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள். மாற்றும்போது பீக் பிக்கிங் (ஒவ்வொரு சிகரத்தையும் ஒற்றைப் புள்ளியாக்குவது) ஃபில்டர் பட்டியலில் முதலில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கம்பெனி அல்காரிதம் ஓடாது. லாக்மாஸ் (நிறை அளவைத் திருத்த உதவும் தெரிந்த பொருளின் அளவீடு) எந்த ஃபங்க்‌ஷனில் இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள்.

மல்லிப்பூ: எஃப்ஏடி32தான்! ஃபோன் செய்தேன், டாட் ஃபைல் 5 ஜிபியாம். ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.

கண்ணாடிக்குழாய்: சரி, லாக்மாஸ்?

நீலச்சட்டை: பழையபீக், எக்ஸ்சிஎம்எஸ் எந்த வெர்ஷன் சொல்கிறீர்கள்?