சுதா வீட்டுக்கு வந்த கடிதம்

குழு: தெல்லிப்பழைக் குடும்பம்

சனிக்கிழமை

சுதா, காலை 8:40
எல்லாருக்கும் வணக்கம். நேற்று எங்கட ரவுன் ஒபிசில இருந்து பதிவுத் தபால் ஒண்டு வந்தது. எங்கட வீட்டைப் பாரம்பரியச் சொத்தா அறிவிக்கப் போகினமாம். விருப்பமில்லையெண்டால் 30 நாளுக்குள்ள எழுத்தில ஆட்சேபம் குடுக்கலாமாம்.

சுதா, 8:41
(படம்: கடிதத்தின் முதல் பக்கம்)

அம்மா, 8:44
நல்ல விசயமோ பிள்ளை, கெட்ட விசயமோ?

குகன் மாமா, 8:46
உடன ஆட்சேபம் எழுது. நாளைக்கு நாளண்டைக்கு எண்டு வைச்சிருக்காதை.

நிரோஷ், 8:51
மாமா சொல்லுறது சரி அக்கா. ஹெரிட்டேஜ் எண்டு ஒருக்கா விழுந்திட்டா ஒரு யன்னல் மாத்த ஏலாது. விக்கேக்க விலையும் விழும். என்ர வேலையிடத்தில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லீனம்.

சுதா, 9:10
எனக்கும் முதல் வாசிக்கேக்க நெஞ்சு பக்கெண்டதுதான். ராத்திரி நானும் ரூபனும் 1 மணி வரைக்கும் இருந்து சட்டத்தை எடுத்து வாசிச்சம். இஞ்ச கனடாவில எங்கட ஒன்ராறியோ மாகாணத்துக்கு 1975ல வந்த ஹெரிட்டேஜ் அக்ட், பாரம்பரியச் சொத்துச் சட்டம். முழு வீடும் கட்டுப்பாட்டுக்க வராது நிரோஷ். கடிதத்தோட ஒரு பட்டியல் இருக்கு, அதில எழுதின உறுப்புகள் மட்டும்தான். எங்கட பட்டியல்ல குசினி இல்லை, பாத்ரூம் இல்லை, உள்ளுக்க ஒண்டுமே இல்லை. பட்டியல்ல இருக்கிறதை மாத்தவேணுமெண்டால் ரவுன் கவுன்சிலிட்ட விண்ணப்பிக்கவேணும். முழு விண்ணப்பம் குடுத்து 90 நாளுக்குள்ள அவை மறுமொழி சொல்லாட்டி அது சம்மதம் எண்டுதான் சட்டம்.

நிரோஷ், 9:14
சரி. விலை?

சுதா, 9:19
அதுவும் தேடினன். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில றொபர்ட் ஷிப்லி எண்டவர் 2000ம் ஆண்டில ஒரு ஆய்வு வெளியிட்டவர். ஒன்ராறியோவில 24 ஊர்கள், கிட்டத்தட்ட 3,000 சொத்துகள். அறிவிக்கப்பட்ட வீடுகளில 74 வீதம் அந்தந்த ஊரின்ட சராசரி விலைப்போக்குக்குக் குறையேல்ல, கனக்க அதை விடக் கூடத்தான் போயிருக்கு. பழைய ஆய்வுதான். ஆனா "விலை விழும்" எண்டு சொல்லுற ஆக்களிட்ட ஆய்வு கேட்டா ஒருத்தரும் ஒண்டும் காட்டேல்ல.

ரூபன், 9:22
இன்சூரன்ஸையும் கேட்பீங்கள் எண்டு தெரியும். நேற்றே எடுத்துக் கதைச்சன். வயரிங், தண்ணிப் பைப், கூரை, ஹீற்றிங், இதுகளின்ட வயசைத்தான் கேட்டவை. வீடு பழசெண்டதுக்குத்தான் காசு, அறிவிச்சதுக்கில்லை. எரிஞ்சு போனா அச்சொட்டா அதே மாதிரிக் கட்டவேணும் எண்டும் சட்டத்தில இல்லை.

குகன் மாமா, 9:30
இண்டைக்கு இல்லையெண்டுவாங்கள். நாளைக்குச் சட்டத்தை மாத்துவாங்கள். அரசாங்கக் கடிதம் உன்ர வீட்டைப் பற்றி வந்தால் அது உனக்காக வாறேல்ல பிள்ளை.

அம்மா, 9:33
அண்ணை சாப்பிட்டாச்சோ? மருந்து எடுத்தனீங்களோ?

சுதா, 9:48
மாமா, சட்டத்தை மாத்தினதாலதான் இந்தக் கடிதமே வந்தது. ஆனா நீங்கள் நினைக்கிற பக்கமில்லை, மற்றப் பக்கம். ஒவ்வொரு ஊரும் "இந்தக் கட்டடம் முக்கியம், பிறகு பாப்பம்" எண்டு ஒரு இடாப்பு வைச்சிருக்கும். இடாப்பில பேர் இருந்தா, இடிக்க முதல் சொந்தக்காரர் 60 நாள் முன்னறிவித்தல் குடுக்கவேணும். அவ்வளவுதான் பாதுகாப்பு. 2022ல மாகாண அரசு வீடு கெதியாக் கட்டவெண்டு பில் 23 எண்ட சட்டத்தைக் கொண்டு வந்து, இரண்டு வருசத்துக்குள்ள முறைப்படி அறிவிக்காத கட்டடங்களை இடாப்பில இருந்து எடுக்கச் சொல்லிப்போட்டுது. எடுத்தா 5 வருசத்துக்குத் திருப்பிப் போட ஏலாது. பேந்து 2024ல தவணையை நீட்டி 2027 தை 1, அதாவது ஜனவரி 1 ஆக்கினவை.

சுதா, 9:55
பெரிய சிற்றிகளில இதுக்கெண்டே சம்பளத்துக்கு ஆக்கள் இருக்கினம். எங்கட ரவுனில ஒரேயொரு பிளானர். வேலிச் சண்டையும் அவதான், செப்ரிக் ராங்கும் அவதான். மிச்ச வேலை முழுக்கப் பென்சன் எடுத்த ஆக்களின்ட ஒரு குழு, ஒரு சதம் வாங்காமல் செய்யினம். எங்கட வீட்டுக்கு மட்டும் 11 பக்கம் எழுதியிருக்கினம். காணி உறுதி, பழைய வரி இடாப்பு, அந்தக் காலத்துத் தீக்காப்புறுதிக் கம்பனியள் கீறின ஊர்ப் படம் எல்லாம் பாத்து. அந்தப் படத்தில மரவீடு மஞ்சள், செங்கல் வீடு ரோஸ். எங்கட வீடு ஒரு சின்ன ரோஸ் பெட்டி. கையால நிறம் தீட்டினது. அதைப் பாத்துக்கொண்டு கனநேரம் இருந்தன்.

வசந்தி சித்தி, 10:20
இஞ்ச எங்களுக்கு இரவாகப் போகுது. இப்பதான் எல்லாம் வாசிச்சன். யார் பிள்ளை கட்டினது உந்த வீட்டை?

சுதா, 10:26
குதிரைக்குச் சேணம் தைக்கிற ஒருத்தர் சித்தி. 1874. கல்லு இந்த ஊர்க் களிமண்ணில சுட்டது. சிவப்புக் கல்லுக்கு நடுவில யன்னலுக்கு மேல மட்டும் மஞ்சள் கல்லு வைச்சு வளைவு கட்டியிருக்கினம். அறிவிக்கிறதுக்கு 9 அளவுகோல் இருக்கு, இரண்டு பொருந்தினாக் காணும். எங்கடைக்கு மூண்டு பொருந்துதாம்.

நிரோஷ், 10:31
அக்கா, அந்தப் பக்கத்துச் சுவரில கல்லு உதிருதெண்டு போன முறை வரேக்க காட்டினனீங்கள். அதைத் திருத்தவும் கவுன்சிலிட்டயே போகப் போறியள்?

சுதா, 10:34
(படம்: உள்ளங்கையில் செங்கல் துண்டு)

சுதா, 10:41
இது போன கிழமை. பனி உருகினவுடன சுவரில கை வைச்சன். கல்லின்ட முகம் அப்பிடியே ஒரு பிஸ்கற் மாதிரிக் கழண்டு கையில வந்தது. பின்பக்கம் ஈரம். உள்ளுக்க கல்லு மாவாயிருக்கு. எங்களுக்கு முன்னம் இருந்த ஆக்கள் யாரையோ பிடிச்சுக் கல்லிடுக்கெல்லாம் சீமெந்து பூசியிருக்கினம். அதுதான் பிழை. இந்தக் கல்லு மென்மை. இதுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பூசவேணும், கல்லை விடச் சாந்து மென்மையா இருக்கவேணும். அப்பதான் ஈரம் இடுக்கால வெளியில போகும். சீமெந்து அடைச்சா ஈரம் கல்லுக்கையே நிண்டு உறையும். தண்ணி உறையேக்க 9 வீதம் பருக்கும். ஒரு மாரிக்கு எத்தினை தரம் உறைஞ்சு உருகும் எண்டு பாருங்கோ. முகம் வெடிக்காமல் என்ன செய்யும்?

சுதா, 10:43
இதை எனக்குச் சொல்லித் தந்ததே அந்தக் குழுவில இருக்கிற ஒரு பழைய மேசன். சாவியால இடுக்கைச் சுரண்டிக் காட்டினார். சுண்ணாம்பெண்டால் தூளா வரும். சீமெந்தில சாவிதான் தேயும்.

அம்மா, 11:02
(குரல் பதிவு, 1 நிமிடம் 48 செக்கன்)

ரூபன், 11:09
வேலையில நிக்கிற ஆக்களுக்காக மாமி சொன்னதை எழுதுறன்: "சுண்ணாம்பை எங்கட வீட்டில அப்பு தொட்டியில நீத்தி வைப்பார். பிள்ளையளைக் கிட்ட விடமாட்டார், கொதிக்கும், கண்ணில தெறிக்கும். மாசக்கணக்கா ஊற விட்டாத்தான் சாந்து நல்லா வரும் எண்டு சொல்லுவார். மேசன் வந்தா முதல் சாந்தை விரலுக்க வைச்சு உருட்டிப் பாப்பான். வெயில் காலத்திலயும் அந்தச் சுவரில முதுகைச் சாய்ச்சாக் குளிரும். சீமெந்து வீடு வந்தாப்பிறகுதான் எங்களுக்குக் காத்தாடி தேவைப்பட்டது."

வசந்தி சித்தி, 11:15
ஓமக்கா, அந்தச் சுவர். இஞ்ச இணுவில்ல எங்கட ஒழுங்கையில இருந்த, நடுமுற்றம் வைச்ச நாற்சார் வீட்டைப் போன மாசம் இடிச்சுப்போட்டினம். தூண் ஒவ்வொண்டா விலை பேசி ஏத்தினவை. நான் படலையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டன். யாரிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறது.

சுதா, 11:30
ரவுனில கேக்க இடமிருக்கு சித்தி. அதைத்தான் விட எனக்கு மனமில்லை. எங்கட வீடு மட்டுமெண்டால் இவ்வளவு கதைக்கமாட்டன். தெருமுனையில பழைய தேவாலயம் இருக்கு, கோவிட்டுக்குப் பிறகு பூட்டினதுதான். கனடா முழுக்க 27,000 வழிபாட்டுக் கட்டடத்தில 9,000 அளவில பத்து வருசத்துக்குள்ள மூடப்படும் எண்டு 2019லயே பழைய கட்டடங்களைக் காக்கிற நஷனல் ட்ரஸ்ட் அமைப்பு சொன்னது. எங்கட தேவாலயமும் இடாப்பில மட்டும்தான் இருக்கு. தை 1க்கு முதல் கவுன்சில் அறிவிக்காட்டி, 60 நாள் முன்னறிவித்தல் கூட இல்லாமல் போகும். இப்ப சொந்தக்காரர் நானே எழுந்து நிண்டு "என்ர வீட்டை அறிவியுங்கோ" எண்டு சொன்னா மற்ற ஆக்களின்ட பயமும் குறையும்.

நிரோஷ், 11:38
அப்ப ரவுன் உங்களுக்கு என்ன தருது? சும்மா பட்டயமோ?

சுதா, 11:44
நல்ல கேள்வி. அறிவிச்ச வீட்டுக்குச் சொத்துவரியில 10ல இருந்து 40 வீதம் வரைக்கும் கழிவு குடுக்க மாகாணச் சட்டம் ஊர்களுக்கு இடம் விடுது. கட்டாயமில்லை. எங்கட ரவுன் இன்னும் தொடங்கேல்ல. செவ்வாய் பின்னேரம் கவுன்சில் கூட்டத்தில எனக்கு 10 நிமிசம் தந்திருக்கினம், அதைக் கேக்கத்தான் போறன். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேசனுக்கு விலை கூட. ஊர் கட்டடம் நிக்கவேணுமெண்டால் ஊரும் கொஞ்சம் தூக்கவேணும்.

ரூபன், 11:50
கோபேர்க் எண்ட ஊரில இருக்கிற விக்டோரியா மண்டபம் தெரியும்தானே? போன கோடைக்கு எல்லாரும் படியில நிண்டு படம் எடுத்தம். 1860ல இளவரசர் வந்து திறந்தது, பிறகு 7ம் எட்வர்ட் மன்னர் ஆனவர். அவ்வளவு பெரிய மண்டபம், 1971ல பாதுகாப்பில்லை எண்டு பூட்டிப்போட்டினம். இடிக்கிற கதையும் வந்தது. ஊர்ச் சனம்தான் காசு சேத்துத் திருத்தி 1983ல திருப்பித் திறந்தது. இண்டைக்கும் கவுன்சில் அதுக்குள்ளதான் கூடுது.

அம்மா, 11:53
அந்த உள்ளுக்க நீதிமன்றம் மாதிரி இருந்த அறையோ? எவ்வளவு வடிவு.

குகன் மாமா, மதியம் 12:37
நான் எழுதிறதைப் பிழையா எடுக்கவேண்டாம் பிள்ளை. 1990 ஆனி. வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில கட்டிக்கொண்டு வந்தனான், இரண்டு கிழமையில திரும்புவம் எண்டு. உயர்பாதுகாப்பு வலயம் எண்டு ஆமிக்காரர் பேர் வைச்சாங்கள். அதுவும் ஒரு அறிவித்தல்தான். 25 வருசத்துக்குப் பிறகு விட்டாங்கள். போய்ப் பாத்தா வீடு இல்லை. இடிபாடு கூட இல்லை, வழிச்சுத் துடைச்ச தரை. எந்த வளவு எங்கட எண்டே தெரியேல்ல. பத்தைக்க பூந்து கிணத்தைக் கண்டுபிடிச்சன். கட்டில அப்பு 1931 எண்டு கீறினது இருந்தது. அதை விரலால தடவித்தான் இது எங்கட எண்டு கண்டன். சாவி இப்பவும் என்ர லாச்சியில கிடக்கு. ஒரு வீட்டைப் பற்றி எவனாவது கடிதம் போட்டா எனக்குக் கை நடுங்கும்.

(இரண்டரை மணிநேரம் குழுவில் செய்தி இல்லை)

சுதா, 3:08
மாமா, நீங்கள் கிணத்துக்கட்டுக் கதையை எங்களுக்கு இண்டைக்குத்தான் சொல்லுறியள். உங்கட பயம் எனக்கு விளங்குது. இந்தக் கடிதத்தை அந்த அறிவித்தலோட சேக்காதேங்கோ. அங்க ஆளை எழுப்பிப்போட்டு வீட்டை எடுத்தவை. இஞ்ச வீடு எங்கட பேரிலதான், விக்கலாம், இருக்கலாம், பிள்ளையளுக்குக் குடுக்கலாம். ஆட்சேபத்தைத் தள்ளினாக்கூட மேல நடுவர் மன்றம் இருக்கு, அங்க போய்க் கேக்கலாம். உங்களுக்குக் கேக்க ஒரு கதவு தரேல்ல அவங்கள்.

சுதா, 3:12
பட்டியலைத் தமிழில எழுதியிருக்கிறன், வாசியுங்கோ:
முன்முகச் செங்கல் சுவர், ஊர்க் களிமண் கல்.
யன்னலுக்கு மேல மஞ்சள் கல் வளைவு, எண்ணிக்கை 5.
வாசல் கதவுக்கு மேல அரைவட்டக் கண்ணாடி.
கூரை முகட்டில மரத்தில வெட்டின பூவேலை.
தெருவில இருந்து வீடு நிக்கிற தூரம்.

சுதா, 3:13
கடைசி வரியைப் பாருங்கோ. தெருவுக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட ஆரோ அளந்து எழுதியிருக்கினம்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 7:15
நித்திரை வரேல்ல. எங்கட வீட்டுக்கும் எழுதிப் பாத்தன்.
சங்கடப்படலை, மேல சின்ன ஓட்டுக்கூரை, வழிப்போக்கர் இருக்கத் திண்ணை.
விறாந்தையில மரத்தூண் 4.
நடுமுற்றம், நாலு பக்கமும் தண்ணி வடியப் பீலி.
பெரிய கதவு, பலா.

வசந்தி சித்தி, 7:21
விளக்கு மாடம் அக்கா. வாசலுக்கு இடப்பக்கம். மேல சுவர் முழுக்க எண்ணெய்க் கறுப்பு, அம்மா எத்தினை தரம் வெள்ளை அடிச்சாலும் போகாது.

குகன் மாமா, 7:58
தூண் ஆறு. இரண்டு குசினிப் பக்கம் நிண்டது, உனக்கு ஞாபகமில்லை மலர்.

குகன் மாமா, 7:59
கதவு வேம்பு. நிலைதான் பலா.

அம்மா, 8:02
ஆறோ அண்ணை? சரி திருத்திறன்.

குகன் மாமா, 8:05
கிணத்துக்கட்டையும் எழுது. வருசத்தோட.

குகன் மாமா, 8:20
சுதா, செவ்வாய் கூட்டம் எத்தினை மணிக்கு?

சுதா, 8:22
பின்னேரம் 7 மணி மாமா. வெளியாக்களும் வந்து இருக்கலாம்.

குகன் மாமா, 8:26
401 நெடுஞ்சாலை நாலு மணிக்கே நெரிசல். நான் மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு மலரையும் ஏத்திக்கொண்டு வாறன். ஆட்சேபக் கடிதம் எழுதவேண்டாம். வந்து அந்த மேசனிட்ட ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போ, சுண்ணாம்பை எத்தினை நாள் ஊறப்போடுறான் எண்டு கேக்கவேணும்.

குகன் மாமா, 8:51
(படம்: கோடு போட்ட கொப்பித்தாளில் பென்சிலால் கீறிய வீட்டுப் படம்)

அம்மா, 8:54
அண்ணை, குசினி மற்றப் பக்கம்.