மிகைக்குடிக்கு ஏற்றத்தாழ்வு எவ்வளவு காரணம்?

செந்தளிர்:
சமூகநலப் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். தினமும் குடிப்பவர்களைப் பற்றியல்ல, என்றாவது ஒரு நாள் நிதானம் இழக்கும் அளவுக்குக் குடிப்பவர்களைப் பற்றியதே என் கேள்வி. வசதியற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிக்காத இடங்களில்கூட, மதுவால் வரும் நோயும் சாவும் அவர்களையே கூடுதலாகத் தாக்குவது ஏன்? மன உறுதி போதாது என்ற வழக்கமான விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நீள்நடை:
விடையின் ஒரு பகுதி குடிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரே சமயத்தில் 60 கிராமோ அதற்கு மேலோ தூய ஆல்கஹால் உட்கொள்வதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடியாகக் கணக்கிடுகிறது. வாரம் முழுவதும் பிரித்துக் குடிக்கும் அளவை ஒரே இரவில் குடித்தால் விபத்து, அடிதடி, இதயத்துடிப்புத் தடுமாற்றம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு பெருகும். நிலையான வேலை இல்லாதவருக்குக் கையில் காசும் ஓய்வும் சேர்ந்து கிடைப்பது ஏதோ ஒரு நாள்தான் என்பதால் குடியும் அந்த நாளிலேயே குவிந்துவிடுகிறது. இருப்பினும், குடிக்கும் அளவு, விதம், புகைப்பழக்கம், உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி முழுமையாக மறையவில்லை என்று ஸ்காட்லாந்துத் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே குடியை மட்டும் பார்த்தால் போதாது.

கார்முகில்:
போதை மீட்புப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மூட்டை தூக்குபவர் முதுகுவலிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். மதுவோ வேலை முடிந்த பிறகும் கிடைக்கிறது. பலருக்கு வலிக்கும் தூக்கத்துக்கும் அதுதான் மருந்து. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, சித்தப்பிரமை வரை போகக்கூடும் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு அவசியம். சம்பளத்துடன் விடுப்பு உள்ளவர் வந்து படுக்கையில் சேர்கிறார். இல்லாதவர் நடுக்கம் அடங்க மறுபடியும் குடிக்கிறார். இதற்குப் பெயர் மன உறுதிக் குறைவா?

வேல்முனை:
மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனால் மிகைக்குடி ஏழைகளின் பழக்கம் என்ற தோற்றம் உங்கள் கட்டுரையில் வந்துவிடக் கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மிகைக்குடியர்களின் விகிதம் உயர்வருமானக் குடும்பங்களில்தான் அதிகம். எத்தனை முறை, ஒரு முறைக்கு எவ்வளவு என்று பார்க்கும்போதுதான் குறைந்த வருமானத்தினர் முந்துகிறார்கள். இந்த மூன்று அளவைகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒன்றாகக் கலந்தால் யார் மீது வேண்டுமானாலும் பழி போடலாம்.