ஈரோடு – கோவை பாசஞ்சர்: அந்த 22 நிமிடக் கணக்கு

சோமனூர் தறிக்காரர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், பாசஞ்சர் லேட்டா என்று பார்க்கக் கைபேசி போதுமாம், ஸ்டேஷனில் போய் உட்கார்வதெல்லாம் அந்தக் காலமாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போன வாரம் அப்படி நம்பித்தான் கோவை போகும் பாசஞ்சரை விட்டேன். செயலியில் 22 நிமிடம் தாமதம் என்று இருந்தது. சரி, தறியில் பாவு நூலைப் பிணைக்கிற வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். ரயில்வே கேட் போட்டாச்சு என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். நான் போகும்போது கடைசிப் பெட்டிதான் தெரிந்தது. வண்டி வந்தது 9 நிமிடம் லேட்டில்.

பீளமேடு இன்ஜினியர்:
எழுதியது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். திருப்பூரில் 22 நிமிடம் லேட்டான வண்டி சோமனூரில் 9 நிமிட லேட்டில் வராது. நடுவில் இருப்பது வஞ்சிபாளையம். 13 நிமிடத்தை எங்கே பிடித்தது? நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

சோமனூர் தறிக்காரர்:
திருப்பூர் என்று நான் சொன்னேனா? திரும்பப் படியுங்கள். 22 என்றுதான் இருந்தது.

ஈரோட்டுக்காரன்:
ஏனுங்ணா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. வண்டி கடந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர், வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கிற கன்ட்ரோல் அறைக்குச் சொல்வார். அந்தக் கணக்குதான் வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்டிஇஎஸ் இணையப் பக்கத்துக்கும் 139 விசாரணை எண்ணுக்கும் போகிறது. இன்ஜினில் இஸ்ரோ உதவியோடு செய்த கருவி பொருத்தியிருந்தால் 30 விநாடிக்கு ஒருமுறை இடம் தெரியும். மற்றபடி கடைசியாகச் சொன்ன ஸ்டேஷனின் தாமதம்தான் திரையில் நிற்கும். நீங்கள் பார்த்த 22, பெருந்துறையிலோ விஜயமங்கலத்திலோ பதிந்ததாக இருக்கலாம். ஊத்துக்குளி தாண்டி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்கும்.

பீளமேடு இன்ஜினியர்:
இருக்கலாம், இருக்கும். இதுவா ஆதாரம்? 13 நிமிடம் எங்கே போனது என்று மட்டும் சொல்லுங்கள்.

கருமத்தம்பட்டி அக்கா:
தம்பி, எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தீர்கள்? கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களுக்கு 0-வில் தொடங்கும் எண் கொடுத்திருந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மெமு, அதாவது தனி இன்ஜின் இல்லாத மின்சார வண்டி என்றால் 6-ல் தொடங்கும், இன்ஜின் இழுக்கிற சாதாரணப் பெட்டி வண்டி 5-ல். எங்கள் வீட்டிலேயே பழைய எண்ணைப் போட்டுவிட்டு வண்டியே இல்லை என்று உட்கார்ந்திருந்தார்கள்.

சோமனூர் தறிக்காரர்:
எண் சரிதானுங்க அக்கா. இருபது வருசமாக இதே பாதையில் போகிறேன். எண் தெரியாதவன் என்று என்னைச் சொல்ல வேண்டாம்.

கருமத்தம்பட்டி அக்கா:
நான் கேட்டதுதான் தப்பா? நல்லதுக்குச் சொன்னால் கோபம் வருகிறது.

ஊத்துக்குளி பயணி:
வந்தே பாரத் எதிரே வருவதற்காக நம் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இத்தனை குழப்பம்.

ஈரோட்டுக்காரன்:
தப்புங்க. ஈரோடு – கோவை இரட்டைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு நம் வண்டி நிற்க வேண்டியதில்லை. பின்னால் வேகமாக வருவதற்கு வழிவிடத்தான் ஸ்டேஷனில் லூப் என்ற பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கும். மேட்டுப்பாளையம் பாதை ஒற்றை, அங்கே நீங்கள் சொல்வது பொருந்தும்.

ஊத்துக்குளி பயணி:
ஜங்ஷன் பக்கத்தில் வீடு இருந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? ஊத்துக்குளியில் அரை மணி நேரம் நின்றவன் நான்.

சோமனூர் தறிக்காரர்:
நின்றது, ஓடியது எல்லாம் அப்புறம். என் கேள்வி 22. என் ஊருக்கு வண்டி எப்போது வரும் என்று கேட்டால், இன்னொரு ஊரில் எவ்வளவு லேட் என்று ஏன் சொல்கிறது? கோவைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்ததாம். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் அட்டவணையில் கூடுதல் நிமிடங்களை வைத்திருக்கிறார்கள். சரியான நேரக் கணக்கையும் வண்டி முடியும் இடத்தில்தான் பார்க்கிறார்கள். நடுவில் ஏறுகிற சோமனூர்க்காரனுக்கு அது எதற்கு?

பீளமேடு இன்ஜினியர்:
உங்களுக்குச் செயலி பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. பெட்டியில் இருப்பவர்களின் கைபேசி டவரை வைத்து இடத்தைக் காட்டும் செயலிகளும் உண்டு. நான் தினமும் பார்த்துத்தான் கிளம்புகிறேன். ஒருநாளும் விட்டதில்லை. 13 நிமிடத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

சோமனூர் தறிக்காரர்:
உங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ரயிலை விட்டாலும் அதில் ஏறிவிடுவீர்கள். எனக்கு அன்றைக்கு அரை நாள் கூலி போனது.

ஊத்துக்குளி பயணி:
2007-ல் சேலம் ரயில்வே கோட்டம் வந்தபோது, இனிப் பாலக்காடு கோட்டத்திடம் கையேந்த வேண்டாம் என்று வெடி வைத்தோம். பாசஞ்சருக்கு என்ன மாறியது?

கருமத்தம்பட்டி அக்கா:
கோட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 30 ரூபாய் ஆக்கிய குறைந்தபட்சக் கட்டணம் 2024-ல் திரும்ப 10 ஆனதே, அதைச் சொல்லலாமே.

ஊத்துக்குளி பயணி:
கட்டணம் குறைந்தால் வண்டி நேரத்துக்கு வந்துவிடுமா அக்கா?

ஈரோட்டுக்காரன்:
எந்த ஸ்டேஷனில் எப்போது பதிந்தது என்று பார்த்துவிட்டு, பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்பதுதான் என் வழக்கம்.

சோமனூர் தறிக்காரர்:
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். இதை அந்தக் காலம் என்று சொன்னவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பீளமேடு இன்ஜினியர்:
திறந்துதான் இருக்கிறேன். அன்றைக்குத் திரையைப் படம் எடுத்திருந்தால் போடுங்கள். 22 எந்த ஸ்டேஷனில் என்று பார்த்துவிடலாம்.

சோமனூர் தறிக்காரர்:
வண்டியைப் பிடிக்க ஓடுகிறவன் படம் எடுத்துக்கொண்டா ஓடுவான்? 22 என்று இருந்தது. வந்தது 9-ல். இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பீளமேடு இன்ஜினியர்:
அப்படியானால் 13 நிமிடம்?