முழுத்தலை முகமூடி: உள்ளிருந்து எதுவும் தெரியவில்லை, கண்ணாடியும் மங்குகிறது (அவசர உதவி)

கைவினை மாணவன்:
வணக்கம். தலை முழுவதையும் மூடும் வேடிக்கை முகமூடி ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன். பார்ப்பவர்கள் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் அணிந்துகொண்டால் எதிரில் நிற்கும் ஆள்கூட எனக்குத் தெரிவதில்லை. கண் துளைகள் சிறியவை அல்ல. ஒவ்வொன்றும் 40 மி.மீ. அகலம் கொண்டவை. போதாக்குறைக்கு இரண்டே நிமிடங்களில் கண்ணாடி மங்கிவிடுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை இதை அணிந்தாக வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் தோற்றம் கெட்டுவிடும் என்பதால் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

நுரைவெட்டி:
நண்பரே, இதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது. எதனால் செய்தீர்கள், காகிதக்கூழா, நுரையா, முப்பரிமாண அச்சா? எந்த உருவத்தின் தலை? துளைகள் திறந்திருக்கின்றனவா, அல்லது அவற்றின்மேல் துணி ஏதாவது ஒட்டியிருக்கிறீர்களா? உங்கள் கண்ணுக்கும் துளைக்கும் இடையே எவ்வளவு தொலைவு? அணியப்போகும் இடம் வெயிலா, விளக்கொளியா?

ஒளிவில்லை:
கண் துளைகளில் கண்ணாடி பதித்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். அதுதான் பிழை. அதை எடுத்துவிட்டு, மெல்லிய நெகிழித் தகட்டில் ஒருவழிக் கண்ணாடிப் படலத்தை ஒட்டிப் பொருத்துங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பளபளப்பான கண்ணாகத் தெரியும். உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் செய்த மூன்று முகமூடிகளிலும் இதைத்தான் பயன்படுத்தினேன்.

மூத்த தச்சன்:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்கவே சலிப்பாக இருக்கிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லை. துளையின் அகலத்தை மட்டும் சொல்வதில் பயனில்லை. 40 மி.மீ. துளை உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே 20 மி.மீ. தொலைவில் இருந்தால் 90 பாகை அகலத்துக்குப் பார்க்கலாம். அதே துளை 80 மி.மீ. தொலைவில் இருந்தால் 28 பாகைதான் கிடைக்கும். இரு கண்களாலும் சேர்ந்து மனிதன் ஏறத்தாழ 200 பாகை அகலத்துக்குப் பார்க்கிறான் என்பதை நினைவில் கொண்டால், எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது விளங்கும். தலையின் பின்புறம் நுரையை அடைத்து, முகத்தை முன்னே தள்ளுங்கள். தீர்ந்தது.

பஞ்சும் பசையும்:
முகமூடி உள்ளே ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பின்புறம் மட்டும் நுரையை அடைத்தால் தலையைத் திருப்பும்போது முகமூடி கூடவே திரும்பாது. துளை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் நிற்கும். கட்டுமானப் பணிக்கான தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் பட்டைக் கூட்டைக் கழற்றி முகமூடியின் உச்சியில் பொருத்தி, தாடைப் பட்டையும் வைத்தால் தலையும் முகமூடியும் ஒன்றாகத் திரும்பும். வாய் திறந்த உருவமாக இருந்தால் கண் துளைகளையே மறந்துவிட்டு வாய் வழியாகப் பாருங்கள். பெரிய தலை கொண்ட வேடங்கள் பலவற்றில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கைவினை மாணவன்:
எல்லோருக்கும் நன்றி. மூத்த தச்சன் ஐயா சொன்னபடி பின்புறம் நுரையை அடைத்தேன். நிலைமை மோசமாகிவிட்டது. முன்பு எதிரில் இருப்பவரின் தோள்பட்டையாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை, இரு பக்கத்துச் சுவர்கள் மட்டுமே தெரிகின்றன. வாய் வழியாகப் பார்க்க இயலாது. இது ஆந்தையின் தலை, அலகு மூடியிருக்கிறது. இதைச் சொல்ல மறந்ததற்கு மன்னியுங்கள். காகிதக்கூழால் செய்தது, துளைகளின்மேல் மஞ்சள் வலைத்துணி ஒட்டியிருக்கிறேன். நிகழ்ச்சி அரங்கத்துக்குள், விளக்கொளியில். கண்ணாடி என்று நான் குறிப்பிட்டது என் மூக்குக்கண்ணாடியை. அது இல்லாமல் எனக்குத் தொலைவில் இருப்பது தெரியாது.

நுரைவெட்டி:
மூக்குக்கண்ணாடியா! முகமூடியின் கண்ணில் பதித்த கண்ணாடி என்றல்லவா நான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்த தச்சன்:
கண்ணாடி என்ற ஒரே சொல் நிலைக்கண்ணாடிக்கும் சன்னல் கண்ணாடிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பொதுவாக இருக்கையில், எது என்று சொல்லாமல் உதவி கேட்பது மருத்துவரிடம் சென்று வலிக்கிறது என்று மட்டும் சொல்வதைப் போன்றது. இன்னொன்று: ஒளிவில்லை அவர்கள் பரிந்துரைத்த ஒருவழிக் கண்ணாடி என்ற பொருளே உலகில் இல்லை.

ஒளிவில்லை:
இல்லாத பொருளை மூன்று முகமூடிகளில் எப்படி ஒட்டினேன் என்பதையும் ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் தருகிறார்கள்.

மூத்த தச்சன்:
பெயர் இருப்பதால் பொருள் இருப்பதாகிவிடாது. அது பாதி ஒளியைத் திருப்பி அனுப்பி, மீதியில் பெரும்பகுதியை உள்ளே விடும் மெல்லிய உலோகப் பூச்சு. இரு திசைகளிலும் ஒரே அளவு ஒளியைத்தான் கடத்துகிறது. வெளியே வெளிச்சமும் உள்ளே இருளும் இருக்கும்வரை வெளியில் நிற்பவர் தம் பிம்பத்தைக் காண்கிறார். உள்ளே ஒரு சிறு விளக்கை ஏற்றிப் பாருங்கள், உங்கள் மூக்கு வெளியே தெரியும். ஆகவே வேலையைச் செய்வது வெளிச்ச வேறுபாடு. படலம் அதற்கு ஒரு துணை மட்டுமே.

ஒளிவில்லை:
நானும் அதைத்தான் சொல்கிறேன். முகமூடிக்குள் யார் விளக்கை ஏற்றப்போகிறார்கள்?

மின்சுற்று:
இந்த வாதத்துக்கே இடமில்லாமல் செய்யலாம். அலகின் மேல் ஒரு சிறு கேமராவைப் பொருத்தி, உள்ளே கண்ணுக்கு முன் ஒரு சிறு திரையை வைத்துவிட்டால் துளையே வேண்டியதில்லை.

நுரைவெட்டி:
மின்கலம் தீர்ந்தால் அரங்கத்தின் நடுவில் கண்ணைக் கட்டிவிட்டது போல நிற்க வேண்டியதுதான். தலை திரும்பியதற்குச் சற்றுப் பிந்தித் திரையில் காட்சி திரும்பினால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். நான்கு நாட்களில் ஒரு புதியவர் செய்து பார்க்கக்கூடிய வேலை அல்ல இது.

அளவுகோல்:
கைவினை மாணவன் அவர்களே, இரண்டு அளவுகள் மட்டும் தேவை. ஆந்தையின் ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை எவ்வளவு? நுரையை அடைப்பதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்ணிலிருந்து துளைவரை எவ்வளவு?

கைவினை மாணவன்:
நடுவிலிருந்து நடுவரை 150 மி.மீ. முன்பு 80 மி.மீ. தொலைவு, இப்போது 50.

அளவுகோல்:
நினைத்தேன். பெரியவர்களின் இரு கண்பாவைகளுக்கு இடையே சராசரியாக 63 மி.மீ. அளவே இருக்கும், கணக்கு எளிதாக இருப்பதற்காக 64 என்று கொள்வோம். அதாவது உங்கள் இடக்கண் முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 32 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆந்தையின் இடத்துளையோ 55 மி.மீ. தள்ளித் தொடங்கி 95 மி.மீட்டரில் முடிகிறது. ஆகவே உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே இருப்பது காகிதக்கூழ்ச் சுவர். துளை அதற்கு வெளிப்பக்கமாக, 23 மி.மீ. தள்ளித்தான் தொடங்குகிறது. 80 மி.மீ. தொலைவில் இதைக் கோணமாக மாற்றினால், இடக்கண் இடப்பக்கம் 16 பாகையிலிருந்து 38 பாகைவரை பார்க்கும், வலக்கண் வலப்பக்கம் அவ்வாறே பார்க்கும், நடுவில் 32 பாகை முழு இருட்டாக இருக்கும். இடக்கண் வலத்துளை வழியாகவும் பார்க்கும்தான், ஆனால் அந்தப் பார்வை வலப்பக்கம் 47 பாகைக்கு அப்பால் போய்விடுவதால் நடுப்பகுதிக்கு உதவாது. 2 மீட்டர் தொலைவில் இந்த இருட்டின் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர், இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் உங்களுக்குத் தெரிய மாட்டார்கள்.

முகத்தை முன்னே தள்ளியதும் நிலைமை ஏன் மோசமானது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 50 மி.மீ. தொலைவில் துளையின் உள்விளிம்பு 16 பாகையிலிருந்து ஏறத்தாழ 25 பாகைக்கு விலகிப்போகிறது. நடுவிலுள்ள இருட்டு 49 பாகையாக வளர்கிறது. நெருங்கினால் பார்வை விரியும் என்பது துளை கண்ணுக்கு நேரே இருக்கும்போது மட்டுமே பொருந்தும். துளை பக்கவாட்டில் இருந்தால் நெருங்க நெருங்க அது காதுப் பக்கம் ஓடும்.

நீங்கள் கண் துளைகளைத் தொடவே வேண்டாம். இரு கண்களுக்கும் நடுவே, அலகு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, இறகு வரிகள் அடர்ந்திருக்கும் பகுதியில் 110 மி.மீ. அகலமும் 30 மி.மீ. உயரமும் கொண்ட பிளவு ஒன்றை வெட்டுங்கள். நுரையை எடுத்துவிட்டுப் பழைய 80 மி.மீட்டருக்கே திரும்பினால், அந்தப் பிளவும் கண் துளைகளும் சேர்ந்து இடைவெளியில்லாத பார்வையைத் தரும். மேலும் கீழுமாக 21 பாகை கிடைக்கும். அந்தப் பகுதியில் கோடு கோடாக இறகு வரைந்திருப்பதால் வலையை ஒட்டி அதே வரிகளை அதன்மேலும் தொடர்ந்தால் யாருக்கும் தெரியாது.

மூத்த தச்சன்:
நான் கூறியது துளை கண்ணுக்கு நேரே அமைந்த முகமூடிகளுக்கான விதி. அதில் பிழை எதுவும் இல்லை. ஆந்தை என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இருக்கட்டும். அந்த மஞ்சள் வலையைக் கவனியுங்கள். வலையின் உட்புறமும் மஞ்சளாக இருந்தால், அரங்க விளக்கு அதன்மேல் விழும்போது ஒவ்வொரு இழையும் ஒளிர்ந்து, வெளிக்காட்சியின்மேல் மஞ்சள் புகையாகப் படரும். வெளிப்புறம் எந்த நிறமும் இருக்கலாம், உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். வண்ணத்தைப் பீய்ச்சினால் துளைகள் அடைபடும். ஏறத்தாழ உலர்ந்த நுரைத்துண்டில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாயால் ஊதித் துளைகளைத் திறந்துவிடுங்கள். முகமூடியின் உட்சுவரையும் கறுப்பாக்குங்கள். நீங்களும் தலையில் கறுப்புத் துணி அணியுங்கள்.

நுரைவெட்டி:
இதில் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். வலை கண்ணுக்கு அருகில் இருப்பது பார்வையை அதிகம் கெடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் கண்பாவையின் விட்டம் 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கிறது. அதைவிட மிக மெல்லிய இழை, கண்ணால் குவித்துப் பார்க்க முடியாத அளவு நெருக்கத்தில் இருக்கும்போது தனியாகத் தெரியாமல் கலங்கி மறைந்துவிடும். காட்சி சற்று மங்கலாகும், அவ்வளவுதான். தையற்காரர்கள் பயன்படுத்தும் பக்ரம் துணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பருத்தி பக்ரத்தில் இருக்கும் கஞ்சி, வியர்வையும் மூச்சும் பட்டுக் கரைந்ததும் துணி தொங்கிவிடும். நெகிழி வலையே மேல்.

மின்சுற்று:
மூக்குக்கண்ணாடி மங்குவதற்குப் பற்பசையை உள்பக்கம் தேய்த்துத் துடைத்தால் போதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஒளிவில்லை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பற்பசையில் தேய்க்கும் துகள்கள் உண்டு. நெகிழி வில்லைகளிலும் அவற்றின் பூச்சுகளிலும் கீறல் விழும். மங்குவதற்குக் காரணம் ஈரம் நிறைந்த சூடான மூச்சு, அதைவிடக் குளிர்ந்த வில்லையில் துளித்துளியாகப் படிவதுதான். மென்மையான சோப்புக் கரைசலை ஒரு சொட்டு தடவி, அலசாமல் பஞ்சுத் துணியால் மெருகேற்றினால் துளிகள் சேராமல் மெல்லிய படலமாகப் பரவும், பார்வை கெடாது. ஆனால் இது தற்காலிகமே. மூச்சைக் கண்ணாடியிடமிருந்து பிரிப்பதுதான் சரியான வழி: முகமூடியின் உட்புறத்தில், மூக்கின் மேற்பகுதியிலும் கன்னங்களிலும் படியுமாறு மென்னுரைப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். மூச்சு கீழ்நோக்கிச் சென்று கழுத்துப் பக்கம் வெளியேறட்டும்.

மின்சுற்று:
சரி, பற்பசையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் கணினிகளில் இருக்கும் 40 மி.மீ. அளவுள்ள 5 வோல்ட் விசிறி ஒன்றை உச்சி இறகுகளுக்கு அடியில் வைத்து, காற்றை வெளியே இழுக்கும்படி திருப்பிப் பொருத்துவதை யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சூடான காற்று மேலே எழும் வழியிலேயே விசிறியும் இழுக்கும். கழுத்து வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். பவர் பேங்கைத் தலைக்குள் வைக்காமல் இடுப்பில் வையுங்கள்.

அளவுகோல்:
மறுக்கவில்லை. கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டால் மட்டும் அந்த விசிறி வீணாகிவிடும், உள்ளே வரக் காற்றுக்கு வழி வேண்டும். மற்றொன்று: 21 பாகை உயரப் பார்வையில் உங்கள் கால்கள் தெரியாது. படிகளில் ஏறி இறங்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகமூடியை ஒரே கையால் நொடியில் கழற்ற முடியும்படி வைத்திருங்கள்.

நுரைவெட்டி:
கைவினை மாணவன் அவர்களே, என்ன ஆயிற்று? இரண்டு நாட்களாக உங்களிடமிருந்து செய்தி இல்லையே.

ஒளிவில்லை:
பிளவின்மேல் வலைக்குப் பதிலாக நான் சொன்ன படலத்தை ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மூத்த தச்சன்:
ஆந்தையின் நெற்றியில் முகம் பார்க்கும் கண்ணாடியா? இறகு பளபளக்கும் ஆந்தையை நான் கண்டதில்லை.

ஒளிவில்லை:
கண்களுக்கு மட்டுமாவது பொருத்தலாம் அல்லவா.

கைவினை மாணவன்:
நேரம் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். அளவுகோல் சொன்ன அளவில் பிளவை வெட்டி, உட்புறம் கறுப்படித்த வலையை ஒட்டினேன். எதிரில் நிற்பவர் முழுமையாகத் தெரிகிறார். வெளியிலிருந்து பார்த்தவர்கள் யாரும் பிளவைக் கண்டுபிடிக்கவில்லை. நுரைப்பட்டை ஒட்டியபின் மூக்குக்கண்ணாடி மங்குவது குறைந்துவிட்டது, விசிறி வைக்கவில்லை. உண்மையான ஆந்தை தலையை 270 பாகைவரை திருப்பும் என்கிறார்கள். என் ஆந்தையோ நான் திரும்பினாலும் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கிறது, பிளவு காதுக்கு அருகில் போய்விடுகிறது. நாளை காலை கிளம்ப வேண்டும்.

பஞ்சும் பசையும்:
தலைக்கவசத்தின் பட்டைக் கூடு கிடைத்தால் இன்றிரவே பொருத்திவிடலாம், ஒரு மணி நேர வேலைதான். கிடைக்காவிட்டால், இறுக்கமான துணித் தொப்பி ஒன்றை அணிந்துகொண்டு, அதன் உச்சியிலும் இரு காதுகளுக்கு மேலும் பின்புறத்திலும் ஒட்டுப்பட்டைகளை (வெல்க்ரோ) தைத்து, அவற்றின் இணைகளை முகமூடியின் உள்ளே அதே இடங்களில் ஒட்டுங்கள். முதலில் பிளவைக் கண்ணுக்கு நேரே நிறுத்திவிட்டு, பிறகு பட்டைகளின் இடத்தைக் குறியுங்கள்.