மனசுல தெரியுற காட்சியைக் கேமராமேன்கிட்ட எப்படிச் சொல்றது?

வணக்கம் நண்பர்களே. பத்து நிமிஷக் குறும்படம் ஒண்ணு எழுதியிருக்கேன். கணவரோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் விடிகாலை, ஒரு அம்மா காபி போடுறாங்க. கை பழக்கத்துல ரெண்டு டம்ளர் எடுக்குது. ஒண்ணைத் திருப்பி வைக்கிறாங்க. அவ்வளவுதான் காட்சி.

கேமராமேன்கிட்ட "சோகமா இருக்கணும்"னு சொன்னேன். டெஸ்ட் ஷூட்ல அவர் கேமராவோட கலர் செட்டிங்கை (எந்த வெளிச்சத்தை வெள்ளையா காட்டணும்னு சொல்றது) 3200 கெல்வின்ல வச்சு, ஜன்னல் வெளிச்சத்தை நீலமாக்கிட்டார். அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பார்த்ததும் உள்ளுக்குள்ள ஏதோ இடறுச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பிடிபட்டது: நான் எழுதினது சோகமே இல்ல, நிம்மதி. அதை ஒத்துக்க எனக்கே கூச்சம், அதான் வாய்ல வேற வந்திருக்கு.

இப்போ அதைப் பகல் வெளிச்சம் இயல்பா தெரியுற 5600-க்கு மாத்தி, ஒரே ஒரு மஞ்சள் பல்பு போதும்னு தோணுது. ஏன்னு கேட்டா "தோணுது"ங்கிறதைத் தாண்டி வார்த்தை வரல. அவருக்கும் பொறுமை குறையுது (நியாயம்தான்).

படம் எடுக்கிறவங்க, வரையிறவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க: இந்த மாதிரி உள்ளுணர்வை அடுத்தவருக்கு எப்படிப் புரிய வைக்கிறீங்க? ஃபோட்டோ காட்டுவீங்களா, நடிச்சே காட்டுவீங்களா? நிம்மதிங்கிற உண்மையை அந்த அம்மாவா நடிக்கிறவங்ககிட்டயும் சொல்லிடலாமா, வேண்டாமா? வர்ற ஞாயிறு ஷூட்டிங்.