நித்யாவின் வாடகை வீடு: குடும்பக் குழுவில் பேசியது

நித்யா: வீடு பிடித்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், எல்லாமே ஒரு நிர்வாகக் கம்பெனி வழியாகத்தான். 14 பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம். கட்டிவிடலாமா?

சித்தி: வீட்டை நேரில் பார்த்தாயா, போட்டோவிலா?

நித்யா: நேரில்தான் சித்தி. குழாயைக்கூடத் திறந்து பார்த்தேன்.

கார்த்தி: கொஞ்சம் பொறு அக்கா. வீட்டுக்காரர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஒன்று இருக்கும், அதைக் காட்டச் சொல். சாவி கையில் இருக்கிறது என்பதற்காக வாடகைக்கு விட அதிகாரம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

முரளி மாமா: கேட்டால் காட்டுவார்கள். அப்படியே அட்வான்ஸ் யார் கையில் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடு. நடுவில் கம்பெனி மாறினால், இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார்.

நித்யா: நீங்களும் உங்கள் வீட்டை இப்படித்தானே விட்டிருக்கிறீர்கள் மாமா?

முரளி மாமா: ஆமாம். வாடகையில் இத்தனை சதவீதம் என்று அவர்களுக்கு நான்தான் கொடுக்கிறேன். அதனால் அவர்கள் என் ஆள், குடியிருப்பவரின் ஆள் இல்லை. எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

சித்தி: 😄 இப்படிப் போட்டு உடைக்கிறீர்களே!

முரளி மாமா: இன்னொன்றும் கேள். பழுது பார்க்க ஒரு செலவு வரம்பு போட்டிருப்போம். அதற்குள் என்றால் அவர்களே ஆள் அனுப்புவார்கள். தாண்டினால் ஆள் வந்து பார்த்து, மதிப்பீடு வாங்கி, எனக்கு மெயில் போட்டு, நான் சரி சொன்ன பிறகுதான் வேலை. போன தடவை ஹீட்டர் போனபோது அது முடிவதற்குள் குடியிருப்பவர் ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார்.

நித்யா: அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்கலாமா?

முரளி மாமா: தொகையைச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் கசிவு, மின்சாரம், கதவுப் பூட்டு இதெல்லாம் ராத்திரியில் போனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஆள் அனுப்புவீர்களா, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று கேள். பதில் மெயிலில் வரட்டும்.

கார்த்தி: போனில் பேசினாலும், "நீங்கள் சொன்னபடி வியாழக்கிழமை பிளம்பர் வருகிறார்" என்று ஒரு வரி அனுப்பிவிடு. அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

சித்தி: சாமான் இறக்கும் முன்னே வீடியோ எடு. சிங்க் அடியில், அலமாரி உள்பக்கம், மீட்டர் அளவு எல்லாம். அன்றைக்கே அவர்களுக்கு மெயில் செய். நான் காலி செய்தபோது குளியலறைக் கண்ணாடியில் கீறல் என்று பிடித்துக்கொண்டார்கள். முதல் நாள் மெயிலிலேயே அந்தக் கீறல் இருந்தது. பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நித்யா: காலி செய்யும்போது வீடு முழுக்க பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று போட்டிருக்கிறதே?

முரளி மாமா: மாற்றச் சொல். குடியிருந்ததால் சுவர் மங்குவது வேறு, ஆணி அடித்துப் பெயர்ப்பது வேறு. "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்று சேர்த்தால் போதும். என்னிடமும் ஒருவர் கேட்டார், சரி என்றேன்.

நித்யா: 9-ஆம் பக்கத்தில் "எந்நேரமும் வீட்டை ஆய்வு செய்யலாம்" என்று இருக்கிறது.

கார்த்தி: எந்நேரமுமா?! அவசரம் தவிர மற்ற நேரத்தில் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று மாற்று. அப்புறம், காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்று எங்காவது இருக்கிறதா பார்.

நித்யா: இருக்கிறது, 12-ஆம் பக்கம். ஆனால் இத்தனையும் மாற்றச் சொன்னால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ? இன்னொருவர் காத்திருக்கிறாராம்.

முரளி மாமா: என் வீட்டுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது.

நித்யா: 😂 சரி, எல்லாவற்றையும் எழுதி மெயில் போட்டுவிட்டேன். பெயின்ட் விஷயத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறார்களாம்.

சித்தி: அட்வான்ஸ் எந்தக் கணக்குக்கு? கம்பெனி பெயரிலா, அந்த ஆள் பெயரிலா?

நித்யா: அதைப் பார்க்கவில்லையே. இருங்கள்.